விட்டு விட்டு வரும் இன்ஜின் சத்தம்: பழைய கார் வாங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய கார் வாங்கி இரண்டாவது வாரம். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் எப்போதோ ஒரு முறை பானெட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம். காலையில் கேட்டது, மதியம் இல்லை. நேற்று மேம்பாலம் ஏறும்போது வந்தது, இன்று அதே பாலத்தில் வரவில்லை. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே இன்ஜின் அமைதியாக ஓடுகிறது. அவர் "ஒண்ணும் இல்ல சார், ஓட்டுங்க" என்பார். இல்லாவிட்டால் "இன்ஜினை இறக்கிப் பார்த்தாத்தான் தெரியும்" என்பார். இரண்டுமே சத்தத்தைக் கேட்காமல் சொன்ன பதில்கள். முதல் பதிலை நம்பி இன்ஜினைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. இரண்டாவது பதிலை நம்பி, தளர்ந்துபோன ஒரு தகட்டுக்காக இன்ஜினைப் பிரித்தவர்களும் உண்டு.

முதல்முறையாகக் கார் வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். மெக்கானிக் வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. விட்டு விட்டு வரும் சத்தத்தில் பாதி வேலை, அதை நினைத்த நேரத்தில் வரவழைக்கக் கற்றுக்கொள்வதுதான். "என்ன சத்தம்" என்பதைவிட "எப்போது வருகிறது" என்பது அதிகம் சொல்லும். அது தெரியும்வரை யாரையும் இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள்.

ஓட்டலாமா, நிறுத்த வேண்டுமா?

தேட ஆரம்பிக்கும் முன் இதை முடிவு செய்துவிடுங்கள்.

ஓடும்போது எண்ணெய்க் குவளை வடிவத்தில் உள்ள சிவப்பு விளக்கு எரிந்தால், ஓரம் கட்டி உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். அந்த விளக்கு காட்டுவது ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தை. இன்ஜினுக்குள் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டு) சுழல்வது ஆயில் படலத்தின் மேல்தான். அழுத்தம் போனால் அந்தப் படலமும் போய்விடும். அப்புறம் உலோகமும் உலோகமும் நேராக உரசும். கிராங்க்கைத் தாங்கும் பேரிங் போக சில நிமிடங்கள் போதும். "அடுத்த பங்க் வரைக்கும் போயிடலாம்" என்ற நினைப்பே வேண்டாம். கயிறு கட்டி இழுத்துப் போவது எவ்வளவோ மலிவு.

அடுத்து, இன்ஜினின் அடிப்பகுதியிலிருந்து "டொக், டொக்" என்று கனமாக, சுத்தியலால் தட்டுவதுபோல் வரும் சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க அது பலமாகி, இன்ஜின் சூடான பிறகு இன்னும் மோசமானால் வண்டியை எடுக்க வேண்டாம். டெம்பரேச்சர் முள் மேலே ஏறினாலும், செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு மினுக்கினாலும் அப்படியே. மினுக்குகிறது என்றால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேடலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இவை எதுவும் இல்லையா? சரி, நிதானமாகத் தேட நேரம் இருக்கிறது.

டிப் ஸ்டிக்கிலிருந்து தொடங்குங்கள்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) எடுத்துத் துடைத்து, மறுபடி முழுதாக விட்டு எடுங்கள். ஆயில் மேல் குறிக்கும் கீழ் குறிக்கும் நடுவில் இருக்க வேண்டும். பெரும்பாலான சிறிய கார்களில் இரண்டு குறிகளுக்கும் இடையே உள்ள அளவு ஏறத்தாழ ஒரு லிட்டர். மட்டம் கீழ் குறியையும் தாண்டி இறங்கியிருந்தால், வளைவில் திரும்பும்போதும் திடீரென்று பிரேக் பிடிக்கும்போதும் ஆயில், இன்ஜினின் அடியில் உள்ள தொட்டியான சம்ப்பில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். பம்ப் ஒரு கணம் காற்றை உறிஞ்சும். அந்தக் கணத்தில் மேலே "டிக் டிக்" என்று ஒரு சத்தம் வந்து போகும். "எப்போதாவது வருகிறது" என்று சொல்லப்படும் சத்தங்களில் இதுவும் ஒன்று. மருந்து, ஆயிலை நிரப்பி, அது ஏன் குறைந்தது என்று பார்ப்பது.

பழைய கார் என்பதால் இன்னொரு சந்தேகமும் வேண்டும். தேய்ந்த இன்ஜினின் சத்தத்தை அடக்க, விற்கும் முன் கெட்டியான ஆயிலையோ, ஆயிலைக் கெட்டியாக்கும் டப்பா மருந்தையோ ஊற்றிவிடுவது பழைய கார் சந்தையில் நெடுநாள் வழக்கம். 5டபிள்யூ-30 கிரேடு ஆயில் ஊற்ற வேண்டிய இன்ஜினில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 இருந்தால் சூட்டில் சத்தம் அடங்கும். ஆனால் காலையில் அந்தக் கெட்டி ஆயில் மேலே ஏற நேரம் பிடிக்கும், அதனால் ஸ்டார்ட் செய்ததும் கடகடக்கும். என்ன ஆயில், எப்போது மாற்றியது என்பதற்கு நம்பகமான ரசீது இல்லையென்றால், கார் கையேட்டில் சொன்ன கிரேடில் புது ஆயிலும் கம்பெனி ஃபில்டரும் போட்டுவிடுங்கள். எந்தச் சத்தமாக இருந்தாலும் இது வீண் செலவாகாது.

ஃபில்டரை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. பல கார்களின் ஆயில் ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வு இருக்கும். இரவு முழுக்க வண்டி நிற்கும்போது ஃபில்டரில் இருக்கும் ஆயில் கீழே வடிந்துவிடாமல் தடுப்பது அதன் வேலை. மலிவான டூப்ளிகேட் ஃபில்டரில் அந்த ரப்பர் சீக்கிரம் விறைத்துவிடும். ராத்திரியில் ஆயில் வடிந்துவிட, காலையில் முதல் சில நொடிகள் இன்ஜின் வறட்சியாக ஓடிக் கடகடக்கும். பகலில் பத்து முறை ஸ்டார்ட் செய்தாலும் சத்தம் வராது. சில நூறு ரூபாய் ஃபில்டரில் முடிகிற கதை இது.

பழைய ஆயிலை இறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். வெளிச்சத்தில் ஆயிலைப் பாருங்கள். செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ பொடி மினுமினுத்தால் அது பேரிங் உலோகமாக இருக்கலாம், காந்தத்தில் ஒட்டாது. காந்தத்தில் ஒட்டுகிற துகள் இரும்பு: செயின், கேம், பிஸ்டன் ரிங் என்று வேறு பக்கம் பார்க்க வேண்டும். பழைய ஃபில்டரை அறுத்து அதன் மடிப்புகளை விரித்துக் காட்டச் சொன்னால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஆயில் வழவழவென்று கறுப்பாக இருப்பதைக் கண்டு, அதுவும் டீசலில், பயப்பட வேண்டாம். டீசல் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும்.

ஒரு நோட்டு போடுங்கள்

ஒரு வாரத்துக்கு, சத்தம் வரும் ஒவ்வொரு முறையும், வண்டியை நிறுத்தியதும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். நினைவை நம்ப வேண்டாம்; சத்தம் கேட்ட பதற்றத்தில் எல்லாம் குழம்பிவிடும். குறிக்க வேண்டியவை இவை.

இன்ஜின் குளிர்ந்திருந்ததா, சூடாக இருந்ததா? வண்டி எவ்வளவு நேரம் நின்றிருந்தது? நின்ற நிலையிலா, ஓட்டத்திலா? ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுழல்கிறது என்பது) எவ்வளவு? எந்த கியர்? ஆக்ஸிலரேட்டரை மிதித்தபோதா, காலை எடுத்தபோதா? ஏசி ஓடியதா? கிளட்ச்சை மிதித்திருந்தீர்களா? ஸ்டீயரிங் திருப்பினீர்களா? வேகத்தடை, பள்ளம் ஏதாவது? மழையா? சத்தம் எவ்வளவு நேரம் நீடித்தது?

அதோடு, போனில் ஒலியைப் பதிவு செய்யுங்கள். வண்டி ஓடும்போது நீங்களே பதிவு செய்ய வேண்டாம், பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். ஆர்பிஎம் காட்டும் டாக்கோமீட்டர் முள்ளும் தெரிகிற மாதிரி வீடியோவாக எடுத்தால் மெக்கானிக்குக்குப் பெரிய உதவி.

ஒரு வாரத்தில் ஏதாவது ஒரு வரிசை தெரியும். "எல்லாமே காலையில்தான்", "எல்லாமே ஏசி போட்டபோதுதான்" என்று. அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

நிறுத்தி வைத்துச் செய்யும் சோதனைகள்

காற்றோட்டமான திறந்த இடத்தில், ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்துச் செய்யுங்கள். மூடிய போர்டிகோவிலோ ஷெட்டிலோ வேண்டாம். புகை உயிருக்கே ஆபத்து.

முதலில் ஏசி. ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) ஏசியைப் போடுங்கள், அணையுங்கள். போட்டதும் "டக்" என்று ஒரு சத்தம் கேட்டு, உடன் ஒரு கரகரப்பு ஒட்டிக்கொண்டு, அணைத்ததும் போய்விட்டால் கம்ப்ரஸரோ அதன் கிளட்ச்சோ காரணம். ஏசி தானாகவே விட்டு விட்டு ஓடும் சாதனம். சத்தமும் அதனால்தான் விட்டு விட்டு வருகிறது. ரேடியேட்டர் ஃபேனும் இப்படித்தான். இன்ஜின் சூடு ஏறியதும் அதுவே ஓடி, அதுவே நிற்கும். அதன் பேரிங் தேய்ந்தாலோ இறக்கை உடைந்தாலோ "இன்ஜின் நடுங்குது" என்று தோன்றும்.

அடுத்து மின்சாரச் சுமை. ஹெட்லைட், பின் கண்ணாடி ஹீட்டர், ப்ளோயர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுங்கள். "உய்ய்ங்" என்று ஒரு இரைச்சல் கூடினால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் பேரிங்கைப் பாருங்கள். ஹைட்ராலிக் ஸ்டீயரிங் உள்ள காரில் ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பும்போது முனகினால் பம்ப் அல்லது அதன் ஆயில் குறைவு. மின் ஸ்டீயரிங் உள்ள கார்களில் இந்த பம்ப் கிடையாது.

பிறகு கிளட்ச். இந்த ஒரு சோதனையே நிறைய பேரை இன்ஜின் வேலையிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. நியூட்ரலில் காலை எடுத்த நிலையில் ஒரு கரகரப்பு இருந்து, கிளட்ச்சை முழுதாக மிதித்ததும் மறைந்தால், அது கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மாறாக, மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். இரண்டும் இன்ஜினுக்குப் பக்கத்தில் இருப்பவையே ஒழிய, இன்ஜின் அல்ல.

கடைசியாக ரேஸ் செய்து பாருங்கள். ஐடிலிங்கிலிருந்து மெதுவாக, படிப்படியாக 3,000 ஆர்பிஎம் வரை. சத்தம் ஒரே ஒரு ஆர்பிஎம்மில், உதாரணமாக 1,800க்கும் 2,100க்கும் நடுவில் மட்டும் வந்து, தாண்டியதும் அடங்கினால் அது பெரும்பாலும் ஏதோ ஒரு தகடு அதிர்வது. சைலன்சருக்கு மேலே இருக்கும் வெப்பத்தகடு, அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மூடி, பேட்டரி கிளாம்ப், ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப், ஹார்னின் பட்டை. உள்ளே பேரிங் தேய்ந்திருந்தால் அது ஒரு எண்ணில் மட்டும் ஒளிந்துகொண்டிருக்காது.

ஓட்டிப் பார்த்தல்

சத்தம் இன்ஜின் வேகத்தைப் பின்பற்றுகிறதா, சக்கர வேகத்தைப் பின்பற்றுகிறதா என்று பிரிக்க வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது கியரில் போய், பிறகு அதே வேகத்தில் இரண்டாவது கியரில் போங்கள். வேகம் மாறாமல் ஆர்பிஎம் மட்டும் மாறுகிறது. சத்தமும் மாறினால் இன்ஜின் பக்கம். மாறவே இல்லையென்றால் சக்கரம், பிரேக், ஆக்ஸில் பக்கம் போங்கள், இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி உங்களுக்குத் தேவைப்படாது. நியூட்ரலில் சிறிது தூரம் விட்டும் பார்க்கலாம், ஆனால் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைக்கவே கூடாது. பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கனமாகிவிடும்.

பெரிய கியரில், குறைந்த வேகத்தில், மேடு ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மட்டும் "சிலுசிலு" என்று கண்ணாடி மணி குலுக்குவதுபோல் ஒரு சத்தம் வந்து, கியரைக் குறைத்ததும் நின்றால், அது பெட்ரோல் இன்ஜின் நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடித்து எரிவது. தரமில்லாத பெட்ரோல், சிலிண்டருக்குள் கரி, அளவுக்கு மேல் சூடு என்று காரணம் தேட வேண்டும். வேறொரு பங்க்கில் ஒரு டேங்க் நிரப்பிப் பார்ப்பதுதான் மலிவான முதல் சோதனை. ஓட்டும் பழக்கத்தையும் பாருங்கள். நான்காவது கியரில் 30இல் இழுத்தால் நல்ல இன்ஜினும் திணறும்.

கியர் போட்டுக் கிளம்பும்போதும், காலை எடுத்துத் திரும்ப மிதிக்கும்போதும் "டொம்" என்று ஒரே ஒரு அடி மட்டும் கேட்டால் இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கலாம். ஆல்டோ கே10, வேகன் ஆர் ஒரு லிட்டர், செலேரியோ போன்ற மூன்று சிலிண்டர் கார்களில் இயல்பிலேயே ஐடிலிங்கில் அதிர்வு கூடுதல். முன்பு நான்கு சிலிண்டர் கார் ஓட்டியவர்கள் அதைக் கோளாறு என்று நினைத்துப் பயப்படுவதைப் பார்த்திருக்கிறேன். அதே மாடல் வேறொரு காரை ஒரு முறை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

டிக் டிக்கின் வேகம்

இங்கே ஒரு எளிய கணக்கு உதவும். ஐடிலிங்கில் கிராங்க் நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொள்வோம். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் அதில் பாதி வேகத்தில், 400 சுற்றில் சுழலும். ஒரே ஒரு வால்வு தட்டுகிறது என்றால் நொடிக்கு ஆறு ஏழு தட்டல். கிராங்க்கோடு சேர்ந்து வரும் சத்தம் நொடிக்குப் பதின்மூன்று. காதால் எண்ண முடியாது, ஆனால் பதிவு செய்த ஒலியைப் போனில் வேகம் குறைத்துக் கேட்டால் எண்ணலாம். பாதி வேகம் என்றால் மேலே: டேப்பட் (கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கும் பாகம்), கேம், எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், சிலிண்டர் எரிவதோடு சேர்ந்து வரும் புகைக் கசிவு. முழு வேகம் என்றால் கீழே: கிராங்க், ஃப்ளைவீல், புல்லி. ஒரு விதிவிலக்கு, பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடி. அது பாதி வேகத்திலும் கேட்கலாம், அதனால் கணக்கை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம்.

எந்தத் தாளத்துக்கும் ஒட்டாமல், இன்ஜின் சூடான பிறகு "டிக்டிக்டிக்" என்று வந்து, தானே நின்று, மறுபடி வருகிறதா? பெட்ரோல் கார் என்றால் அது பெரும்பாலும் பர்ஜ் வால்வு. டேங்க்கின் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் சின்ன மின்வால்வு அது. தட்டுவதுதான் அதன் வேலை. புதிதாகக் கார் வாங்கியவர்களை இது பதற வைக்கும். விரல் வைத்துப் பார்த்தால் துடிப்பது தெரியும். விட்டுவிடுங்கள்.

காது வைத்துக் கேட்பது

மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இல்லையென்றால் நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்துக் கைப்பிடியைக் காதருகே வைத்துக் கேட்கலாம். கசிவுச் சத்தத்துக்கு ஒரு துண்டு ரப்பர் ஹோஸ் நல்லது, ஒரு முனை காதில், மறுமுனையை அங்கங்கே நகர்த்த வேண்டியதுதான். ஆனால் துப்பட்டா, வேட்டி நுனி, கழுத்துச் செயின், விரிந்த தலைமுடி எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் எந்த நொடியிலும், சில கார்களில் இன்ஜின் அணைந்த பிறகும், ஓட ஆரம்பிக்கும்.

பெல்ட் பக்கம் "கீச் கீச்" என்றால், ஓடும் பெல்ட்டின் உட்புறத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். கையை நீட்ட வேண்டாம், ஸ்ப்ரே பாட்டில் போதும். தண்ணீர் பட்டதும் சத்தம் நின்று, சற்று நேரத்தில் திரும்ப வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ட் தொய்ந்திருக்கிறது. ஆல்டர்னேட்டரா, வாட்டர் பம்பா, ஏசி புல்லியா என்று குழம்பினால் மெக்கானிக்கிடம் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இன்ஜினை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் போய்விட்டால் இன்ஜினுக்குள் ஒன்றும் இல்லை என்று நிம்மதியாகத் தூங்கலாம். இந்த ஒரு நிமிடச் சோதனை செய்யாமல் இன்ஜினைப் பிரிக்கச் சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். கிராங்க்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் பெல்ட் வேறு, அதைத் தொடக் கூடாது.

உள்ளிருந்து வரும் சத்தங்கள்

குளிர்ந்த இன்ஜினில் மட்டும் "டிக் டிக்" கேட்டு, சூடானதும் மறைவதற்கு முக்கியமான மூன்று காரணங்கள் உண்டு. புகைக் குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் உள்ள எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட் கசிவு ஒன்று. உலோகம் சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும், அதனால் சத்தம் நிற்கும். கசியும் இடத்தில் கறுப்பாகப் புகைக்கறை தெரியும். இரண்டாவது, பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டுவது. சூட்டில் பிஸ்டன் விரிந்ததும் அடங்கும். லேசாக இருந்தால் பல ஆண்டுகள் அப்படியே ஓடும். மூன்றாவது டேப்பட். ஹோண்டா சிட்டி போன்ற சில கார்களில் வால்வு இடைவெளியை ஸ்குரூ வைத்துச் சரிசெய்யலாம். அரை நாள் வேலை. ஹைட்ராலிக் டேப்பட் உள்ள இன்ஜினில் சரிசெய்ய எதுவும் இல்லை, நல்ல ஆயில்தான் வைத்தியம்.

டீசலில் "சஃப் சஃப்" என்று மூச்சு விடுவதுபோல் கேட்டால், இன்ஜெக்டரின் அடியில் உள்ள செம்பு வாஷர் கசிகிறது. இன்ஜெக்டரைச் சுற்றித் தார் மாதிரி கறுப்பாக இறுகியிருக்கும். ஆரம்பத்திலேயே வாஷரை மாற்றினால் சின்ன வேலை. விட்டுவிட்டால் இன்ஜெக்டர் அந்தக் கரியில் இறுகி, கழற்றவே போராட வேண்டும். இன்னொன்று, டீசல் பைப்பின் நட்டைத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் என்று பார்க்கும் பழைய முறையைக் காமன் ரெயில் (இன்றைய டீசல் கார்களில் உள்ள உயர் அழுத்த முறை) இன்ஜினில் யாரையும் செய்ய விடாதீர்கள். உள்ளே ஆயிரம் பாருக்கு மேலும் அழுத்தம் ஏறும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.

இப்போது டைமிங் செயின், பல கார்களில் டைமிங் பெல்ட்டின் இடத்தில் இருக்கும் சங்கிலி. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, டாடா விஸ்டா, ஃபியட் புன்டோ என்று நம் ஊர்ச் சாலைகளை நிறைத்த 1.3 லிட்டர், 1,248 சிசி டீசல் இன்ஜின் ஒன்றேதான், ஃபியட்டின் மல்டிஜெட். மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டதால், இன்று சந்தையில் இருக்கும் மாருதி 1.3 டீசல் எதுவும் புதிதல்ல; டாக்ஸியாக ஓடியவை நிறைய. நல்ல இன்ஜின்தான். ஆனால் அதில் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்ட வண்டிகளில் செயின் நீண்டு, டென்ஷனரும் தளரும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜினின் பக்கவாட்டில், செயின் மூடி இருக்கும் பக்கத்தில், கடகடவென்று சில நொடிகள் கேட்கும். ஒன்றிரண்டு நொடிகளில் அடங்கினால் கவனித்து வரலாம். ஐந்து நொடிக்கு மேல் நீடித்தாலோ, சூடான ஐடிலிங்கிலும் திரும்ப வந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். செயின் பல் தாவினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளலாம். அப்புறம் செயின் செட் விலையில் முடியாது. மாற்றும்போது செயின், டென்ஷனர், கைடு மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள்.

ராடு பேரிங் சந்தேகம் இருந்தால், பெட்ரோல் இன்ஜினில் மெக்கானிக் ஒவ்வொரு சிலிண்டராக இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றிப் பார்ப்பார். எந்தச் சிலிண்டரை நிறுத்தும்போது அடி குறைகிறதோ அங்கேதான் கோளாறு. அதோடு, சிவப்பு ஆயில் விளக்கை எரியவைக்கும் ஆயில் சுவிட்ச்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அழுத்தமானி மாட்டி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு அளக்க வேண்டும். விளக்கு எரியவில்லை என்பது போதாது. மிகக் குறைந்த அழுத்தத்தில்தான் அது எரியும். கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட்ட பிறகே இன்ஜினை இறக்குவதைப் பற்றிப் பேச வேண்டும்.

ஸ்கேனர் என்ன சொல்கிறது

டேஷ்போர்டுக்குக் கீழே, காரின் கணினியோடு ஸ்கேனரை இணைக்கும் ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் செருகும் புளூடூத் ஸ்கேனர் மலிவாகவே கிடைக்கிறது. விளக்கு எரியாவிட்டாலும் உள்ளே பழைய குறியீடுகள் சேமிக்கப்பட்டிருக்கலாம். பி0300 முதல் பி0304 வரை சிலிண்டர் சரியாக எரியாததைச் சொல்லும். பி0016 என்றால் கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகவில்லை; காலைநேரக் கடகடப்போடு இதுவும் வந்தால் செயின் மேல் சந்தேகம் உறுதியாகிறது. அழிப்பதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். ஸ்கேனர் சுத்தம் என்று சொன்னால் இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று பொருள் அல்ல. பேரிங் தேய்வதை அளக்க எந்த சென்சாரும் இல்லை.

வெள்ளத்தில் நின்ற காரா?

சென்னையில் 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. அவற்றில் பல கழுவித் துடைத்து வேறு ஊர்களில் விற்கப்படுகின்றன. தண்ணீர் சிலிண்டருக்குள் போன நிலையில் ஸ்டார்ட் செய்திருந்தால் கனெக்டிங் ராடு லேசாக வளைந்திருக்கலாம். வண்டி ஓடும். சுமை ஏறும்போது மட்டும் ஒரு தட்டல், ஐடிலிங்கில் ஒரு சிலிண்டர் மட்டும் கொஞ்சம் சோர்வு. சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்து அடிப்பகுதியில் நீர்க்கறை உண்டா என்று பாருங்கள். கார்பெட்டுக்கு அடியில், ஸ்டெப்னி குழியில், சீட் தண்டவாளத்தில் வண்டலும் துருவும் இருக்கிறதா? இருந்தால் கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் தனியாகக் குறைந்து நின்றால் காரணம் தெரிந்துவிடும்.

மெக்கானிக்கிடம் போகும்போது

நோட்டையும் வீடியோவையும் காட்டுங்கள். "சத்தம் வருது" என்று மட்டும் சொல்லாமல், "எட்டு மணி நேரம் நின்ன பிறகு, முதல் ஸ்டார்ட்டில் நாலு நொடி, வலது பக்கம்" என்று சொல்லுங்கள். கோளாறின் பெயரை நீங்கள் சொல்ல வேண்டாம். செயின் என்று நீங்கள் சொன்னால் செயினைத்தான் மாற்றுவார்.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வரும் சத்தத்துக்கு, மாலையே வண்டியை விட்டுவிட வேண்டும். "அண்ணே, வண்டி நைட்டு இங்கேயே நிக்கட்டும். காலையில நான் வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க, சேர்ந்து கேட்போம்" என்றால் எந்த நல்ல மெக்கானிக்கும் மறுக்க மாட்டார். ஓட்டத்தில் வரும் சத்தம் என்றால் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து நீங்களே ஓட்டுங்கள். வரவழைக்கும் வழி உங்களுக்குத்தானே தெரியும். "ஒரு மருந்து ஊத்தினா சரியாயிடும்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சத்தத்தை மறைப்பது பழுது பார்ப்பதாகாது, அடுத்த முறை கண்டுபிடிப்பதையும் கெடுத்துவிடும். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

காரை டீலரிடமோ கம்பெனியின் யூஸ்டு கார் ஷோரூமிலோ வாங்கியிருந்து வாரண்டி இருந்தால், வெளியே எதையும் பிரிக்கும் முன் அவர்களுக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவும் தேதியும் போகட்டும், தொலைபேசிப் பேச்சு மட்டும் போதாது. வெளியாட்கள் இன்ஜினைத் திறந்துவிட்டால் வாரண்டி பேச முடியாமல் போகலாம். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தனியாரிடம் நேராக வாங்கியவர்களுக்கு இந்த வழி இல்லை, விற்றவரிடம் பேசித்தான் பார்க்க வேண்டும்.

வேலை முடிந்து பில் கட்டும் முன், சத்தம் எந்தச் சூழலில் வந்ததோ அதே சூழலில் கேட்டுப் பாருங்கள். காலைச் சத்தம் என்றால் இன்னொரு இரவு நிறுத்தி வைத்துவிட்டு. மேடு ஏறும்போது வந்தது என்றால் அதே மேம்பாலத்தில், அதே கியரில், ஏசியோடு.